மார்கழிதான் சீசன்

கொளஞ்சியப்பனுக்குக் காடாம்புலியூரில் நாலரை ஏக்கர் முந்திரிக்கொல்லை. அதுதான் அவனை இருபத்திரண்டு வருஷமாக ஊட்டிக்குப் போகவிடாமல் பிடித்து வைத்திருந்தது.

ஊட்டி அவனுடைய ஆசை இல்லை. பெண்டாட்டி தில்லையம்மாளுடையது. அவள் சிதம்பரத்துக்குத் தெற்கே, கொள்ளிடக்கரைப் பக்கம், வயல்காட்டில் பிறந்தவள். அங்கே வரப்பைவிட உயரமான மேடு கிடையாது. கல்யாணமான மூன்றாம் மாதமே, “ஒரே ஒரு வாட்டி மலையப் பாத்துட்டு வந்துடணும்ங்க” என்றாள். “போவலாம், சீசன் வரட்டும்” என்றான். சீசன் வருஷா வருஷம் வந்தது. அதே மாசத்தில் இவனுக்கும் சீசன் வந்தது.

ஊர் உலகத்துக்கு ஊட்டி என்றால் சித்திரை, வைகாசி. முந்திரிக்காரன் அந்த இரண்டு மாசமும் மரத்தடியில் குனிந்தால் நிமிர மாட்டான். நேரத்தோடு போய்க் கொட்டை பொறுக்காவிட்டால் வேறு எவனாவது பொறுக்கிவிடுவான். ஆனியில் பலா. ஆடியில் உழவு. ஆவணி, புரட்டாசியில் எரு, கவாத்து. ஐப்பசி, கார்த்திகை மழை. தை பிறந்தால் பூ வந்துவிடும், மருந்தடிக்க வேண்டும். விரல் விட்டு எண்ணிப் பார்த்தால் வருஷத்தில் கை சும்மா இருப்பது மார்கழியில் ஒரு பதினைந்து நாள்.

அந்த வருஷம், அதாவது இரண்டாயிரத்துப் பதினொன்றில், மகள் ஸ்ரீமதி அரையாண்டு லீவுக்குச் சிதம்பரத்திலிருந்து வந்தாள். அங்கே ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற பெண். வரும்போது பிரவுசிங் சென்டரில் ஒரு தாளை அச்செடுத்துக்கொண்டு வந்திருந்தாள். ஊட்டிக்குப் போக ஏற்ற மாதங்கள் எவை என்று அதில் இருந்தது.

“ஏப்ரல், மே, ஜூன். அதான் பெஸ்ட்டாம். இல்லன்னா செப்டம்பர், அக்டோபர்.”

“எவன் சொன்னான்?”

“நெட்ல போட்டிருக்கான்ப்பா.”

“அவனுக்குக் கொல்ல இருக்கா?”

“அவனுக்கு எதுக்குக் கொல்ல?”

“அதான். கொல்ல இல்லாதவன் எழுதுனது. ஏப்ரல்ல நான் ஊட்டில குந்திக்கினு இருந்தா அவன் வந்து கொட்ட பொறுக்குவானா? டிசம்பருக்கு என்ன போட்டிருக்கான், படி.”

“குளிர் ஜாஸ்தி. கூட்டம் இருக்காது. ரூம் வாடகை கம்மி.”

“பாத்தியா! நல்லதெல்லாம் கடைசியில எழுதியிருக்கான் பாரு, திருட்டுப்பய.”

ஸ்ரீமதி சிரித்தாள். தில்லையம்மாள் சிரிக்கவில்லை. முறத்திலிருந்த அரிசியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். “மார்கழி வாணாங்க. எங்க ஊர்ல தை பொறக்குற வரைக்கும் வானத்த நம்ப மாட்டாங்க. அறுக்கப் போற நேரத்துல வந்து சாய்ச்சிட்டுப் போயிடும்.”

“அது உங்க சேத்துநாட்டு நாயம். கடல்காத்துல கெடக்குறவங்க நீங்க பயப்படுவீங்க. இது மேட்டுச் செம்மண்ணு. கார்த்திகைக்குப் பொறவு மழையும் இல்ல, கர்ணனுக்குப் பொறவு கொடையும் இல்ல. பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?”

அவன் பேச்சுக்கு ஊரில் மரியாதை இருந்தது. வானத்தைப் பார்த்து அவன் சொன்னால் பெரும்பாலும் நடக்கும். கடலூர்க் கடல் விஷயத்தில் அவனுக்கு வேறொரு தைரியமும் இருந்தது. ஏழு வருஷத்துக்கு முன் சுனாமி வந்தபோது காடாம்புலியூர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலம் கட்டி டிராக்டரில் கடலூருக்குக் கொண்டுபோனார்கள். கொளஞ்சியப்பனும் போனான். வரிசையாகப் படுக்க வைத்திருந்ததையெல்லாம் பார்த்தான். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு நினைப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. கடல் எவ்வளவு ஆடினாலும் முந்திரிக்காடு வரைக்கும் வராது. நாம் பொட்டலம் கொண்டுபோகிறவர்கள், அவர்கள் வாங்கிக்கொள்கிறவர்கள். வாய்விட்டு யாரும் சொல்லவில்லையே தவிர ஊரே அப்படித்தான் நினைத்தது.

ஆக, சீசன் முடிவாயிற்று. மார்கழி.

ஒரே ஒரு சிக்கல்தான். கொல்லையில் தண்ணீருக்குப் போட்ட போர் ஒன்று இருந்தது. அதன் மோட்டாருக்குப் போகிற செம்புக்கம்பி ஒயரை அந்த வருஷம் இரண்டு தடவை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வெளியூர்த் திருடன் இல்லை. வீட்டில் ஆள் இல்லாத நாளாகப் பார்த்து அறுத்திருந்தான். பக்கத்துக் கொல்லைக்காரன் கலியமூர்த்திமேலேகூடக் கொளஞ்சியப்பனுக்கு அரைச் சந்தேகம் இருந்தது. பேச்சு, பழக்கம், பந்தியில் பக்கத்து இலை எல்லாம் உண்டு. சந்தேகமும் உண்டு.

அதனால் ஒரு திட்டம் போட்டான்.

தில்லையம்மாளின் தம்பி அய்யனார் அவர்களோடுதான் இருந்தான். முப்பத்தைந்து வயது. கல்யாணமாகவில்லை. குடிகாட்டுப் பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஒன்பது வருஷம் ஷிப்ட் பார்த்துவிட்டு, இருமல் தாங்காமல் நின்றுவிட்டவன். கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டான். மாமன் சொன்னால் சொன்னதுதான் அவனுக்கு.

“மச்சான், நீயும் எங்களோட பஸ் ஏறு. ஊரே பாக்கணும். வடலூர்ல எறங்கிக்க. பொழுது சாஞ்சதும் கொல்ல வழியா நடந்து வந்து மோட்டார் கொட்டாயில குந்திக்க. வெளக்கு கூடாது. பீடி கூடாது. நாலு பேரும் ஊட்டிக்குப் போயிட்டாங்கன்னு அவன் தைரியமா வருவான். கையும் களவுமா அமுக்கிடலாம்.”

“சரி மாமா.”

“எதுக்குங்க இந்த வேல?” என்றாள் தில்லையம்மாள். “ஒயரு போனா போவுது. அவனும் மலையப் பாக்கட்டும். அவன் மட்டும் என்னத்தக் கண்டான்?”

“அடுத்த வருசம் அவனுக்குத் தனியா டிக்கெட் போடறேன். என்னா மச்சான்?”

“எனக்குக் குளுரு ஒத்துக்காதுக்கா” என்றான் அய்யனார். அதோடு பேச்சு முடிந்தது.

கொளஞ்சியப்பன் டீக்கடையில் மூன்று நாள் பேசினான். “நாலு பேருந்தான்யா போறோம். வூட்டப் பூட்டிட்டு. இருபத்திரண்டு வருசம் கழிச்சு.” கலியமூர்த்தி கேலி செய்தான். “அய்யனாருமா? அவன் ஊட்டிக்குப் போயி யாருகிட்டப் பேசப் போறான், மாட்டுக்கிட்டயா?” எல்லாரும் சிரித்தார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் பஸ் ஸ்டாப்பில் இருந்த பெரிய பையை அய்யனார்தான் தூக்கி ஏற்றினான். ஊர் பார்த்தது. வடலூரில் அவன் இறங்கியதை ஊர் பார்க்கவில்லை. அவல், வாழைப்பழம், ரெண்டு பாக்கெட் ரொட்டி, தண்ணீர்க் குடம் எல்லாம் முதல் நாளே கொட்டகைக்குள் போய்விட்டன.

ஊட்டி நன்றாகவே இருந்தது. அச்செடுத்த தாளில் எழுதியிருந்தது அத்தனையும் நிஜம். கூட்டம் இல்லை. ரூம்காரன் கூப்பிட்டுக் கொடுத்தான். காலையில் புல்மேல் வெள்ளையாகப் பனி உறைந்து கிடந்தது. தில்லையம்மாள் குனிந்து ஒரு விரலால் தொட்டாள். “உப்பளம் மாதிரி இருக்குடி” என்று மகளிடம் சொன்னாள். மேகம் அவள் காலுக்குக் கீழே போனது. அவள் அதைக் கையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தபடி நின்றாள். கொளஞ்சியப்பன் குரங்குக் குல்லாவுக்குள் இருந்து பேசினான். “ஒரு பொட்டு மழ இருக்கா? சொன்னேன்ல. மார்கழிதான் சீசன்.”

“ஆமாங்க” என்றாள். முதல் தடவையாக ஒத்துக்கொண்டாள். வியாழக்கிழமை அது.

அன்று நாலு மணி வாக்கில், பூங்காவில் தில்லையம்மாளும் ஸ்ரீமதியும் பூப்பாத்தி அருகே நின்றுகொண்டிருக்கும்போது, கொளஞ்சியப்பனின் போன் அடித்தது.

“மாமா, நாந்தான்.” அய்யனார் குரலை அடக்கிப் பேசினான்.

“என்னா மச்சான், மாட்டுனானா?”

“இல்ல. ஆட்டோவுல மைக்கு கட்டிச் சொல்லிக்கினு போறாங்க. புயலாம். கடலூர்ப் பக்கம் ஏறுதாம். ராத்திரிக்கு வூட்டுக்குப் போயிடட்டுமா?”

கொளஞ்சியப்பன் வானத்தைப் பார்த்தான். ஊட்டி வானம். துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

“மார்கழில என்னாடா புயலு? வருசா வருசம் இப்புடித்தான் கத்துவானுங்க. அது பாட்டுக்கு நெல்லூருக்குப் போயிடும்.”

“காத்து ஒரு மாதிரியா இருக்கு மாமா.”

“டேய், நல்லாக் கேட்டுக்க. திருடன் வந்தா இன்னிக்குத்தான் வருவான். காத்துச் சத்தத்துல ஒயரு அறுத்தா எவனுக்குக் கேக்கும்? நீ இப்பத் தலயக் காட்டுனீனா ரெண்டு நாளு குந்துனது வீணு. வெளிய வராத.”

காற்று மட்டும் போனுக்குள் ஊதிக்கொண்டிருந்தது.

“சரி மாமா.”

தில்லையம்மாள் வந்தாள். “யாருங்க?”

“மச்சான்தான். நல்லாருக்கானாம்.”

“சாப்ட்டானா?”

“சாப்ட்டானாம்.” அதை அவன் கேட்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை. லாட்ஜுக்கு எதிரே டீக்கடை. ஸ்ரீமதிதான் முதலில் டிவியைப் பார்த்தாள். கையிலிருந்த டம்ளரை அப்படியே மேஜைமேல் வைத்தாள். “யப்பா” என்றாள். தானே என்று புயலுக்குப் பேர் வைத்திருந்தார்கள். கடலூரில் கரை ஏறிவிட்டது என்றார்கள். ஒரு பஸ் கவிழ்ந்து கிடந்தது. மஞ்சக்குப்பத்தில் மரங்கள் ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தன. கரண்டுக் கம்பங்கள் முழங்காலில் மடித்த மாதிரி மடிந்திருந்தன. கீழே ஓடிய எழுத்தில் பண்ருட்டி என்று வந்து போனது. கொளஞ்சியப்பன் அது திரும்ப வரும் வரை காத்திருந்தான். திரும்பவும் வந்தது.

தில்லையம்மாள் எழுந்து நின்றுவிட்டாள். “அய்யனாருக்குப் போன் போடு.”

ஸ்ரீமதி போட்டாள். ஸ்விட்ச் ஆஃப். இன்னொரு தடவை. ஸ்விட்ச் ஆஃப்.

“நேத்து மாமா பேசுனப்ப புயலப் பத்தி ஒண்ணும் சொல்லலியாப்பா?”

பெண்டாட்டியும் மகளும் அவன் முகத்தையே பார்த்தார்கள். டீ மாஸ்டர்கூடப் பார்ப்பது போலிருந்தது.

“ஒண்ணும் சொல்லல” என்றான்.

அப்புறம் பஸ். கோயம்புத்தூர், சேலம், விருத்தாசலம். இரவெல்லாம் மூன்று பேரும் கண் மூடவில்லை. ஊரில் உள்ளவர்களுக்குப் போட்டுப் பார்க்கலாம் என்றால் ஒரு போனும் போகவில்லை. கலியமூர்த்தி நம்பரைக் கொளஞ்சியப்பனே பத்து தடவை போட்டான். கிடைத்தால் என்ன சொல்வது என்று யோசித்தான். கிடைக்காதபோது, சொல்ல வேண்டாம் என்று ஒரு மூலையில் நிம்மதியாகவும் இருந்தது. அந்த நிம்மதியைக் கண்டு அவனுக்கே உடம்பு கூசியது.

சனிக்கிழமை காலையில் பஸ் வடலூரோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் ரோடு இல்லை, மரம்தான் இருந்தது. நடந்தார்கள். ஏறி இறங்கி, குனிந்து நுழைந்து, பையை ஒருவர் தூக்கி ஒருவரிடம் கொடுத்து நடந்தார்கள். பாதி வழியில் தில்லையம்மாள் செருப்பு அறுந்தது. கழற்றிப் போட்டுவிட்டு நடந்தாள்.

காடாம்புலியூர் எல்லைக்கு வந்ததும் கொளஞ்சியப்பன் நின்றான். வழி தப்பிவிட்டோமோ என்றுதான் முதலில் நினைத்தான்.

முந்திரி உயரமான மரம் இல்லை. குடை கவிழ்த்த மாதிரி கிளை தரையைத் தொடும். ஒரு மரத்தோடு ஒரு மரம் பின்னிக்கொள்ளும். கொல்லைக்குள் நின்றால் பட்டப்பகலிலும் நிழல்தான். வானம் அங்கங்கே ஓட்டை ஓட்டையாகத் தெரியும். ரோட்டில் நிற்பவனுக்குப் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. பிறந்ததிலிருந்து அவன் கண் அதற்குப் பழகியிருந்தது.

இப்போது எல்லாம் தெரிந்தது. இரண்டு ஊர் தள்ளி இருக்கும் பள்ளிக்கூடத்துக் கட்டடம் தெரிந்தது. அதுவரை பார்த்தே இராத ஒரு ஏரிக்கரை தெரிந்தது. நடுவில் கண்ணுக்கு எட்டிய தூரம் மரங்கள் வேரோடு படுத்திருந்தன. வேரில் ஒட்டிய செம்மண் இன்னும் ஈரமாக இருந்தது. இலைகள் வாடவில்லை. செத்துப்போனது இன்னும் அவற்றுக்குத் தெரியவில்லை. காற்றில் பச்சையாகப் பிழிந்த வாசனை. வானம் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவன் நினைத்ததே இல்லை. தலைக்கு மேலிருந்து எதையோ பிடுங்கிவிட்ட மாதிரி இருந்தது. கையைத் தூக்கித் தலையைத் தொட்டுப் பார்த்தான். குரங்குக் குல்லாவை இன்னும் கழற்றியிருக்கவில்லை.

கலியமூர்த்தி ரோட்டோரம் கோடாரியோடு நின்றான். ஐந்து பேர் அவனோடு கிளை கழித்துக்கொண்டிருந்தார்கள். இவர்களைப் பார்த்ததும் ஓடி வந்து கொளஞ்சியப்பனின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டான்.

“போச்சுடா கொளஞ்சி. எல்லாம் போச்சு. ஒரு மரம் நிக்கல. எங்கப்பன் நட்ட மரம்டா.” அழுகையும் சிரிப்புமாக மூக்கைச் சிந்தினான். “நீ குடுத்து வச்சவன்யா. உன் வூட்டு ஓடு அத்தனையும் பூடுச்சு. நாலு பேரும் ஊர்ல இல்லாம போனீங்களே, சாமி காப்பாத்துச்சு. எங்க, அய்யனாரு பின்னாடி வரானா?”

தில்லையம்மாள் கொல்லைப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

“அவன் வரல” என்றான் கொளஞ்சியப்பன்.

“ஊட்டிலயே வுட்டுட்டு வந்துட்டியா?”

“அவன் ஊட்டிக்கு வரல. கொல்லையில இருந்தான். மோட்டார் கொட்டாயில.”

கலியமூர்த்திக்குப் புரியவில்லை. “எப்ப?”

“செவ்வாக்கெழமலருந்து.”

“பெரிய பையத் தூக்கிக்கினு பஸ் ஏறுனத நான் பாத்தனே.”

“வடலூர்ல எறங்கித் திரும்பி வந்துட்டான். நான்தான் வரச் சொன்னேன். ஒயர் திருடன...”

கலியமூர்த்தி அவன் தோளிலிருந்து கையை எடுத்தான். மற்றவர்களும் கோடாரியை நிறுத்திவிட்டார்கள். கலியமூர்த்தி கொல்லைப் பக்கம் திரும்பினான்.

“நேத்து சாயந்தரம் அந்தப் பக்கமா ஒரு சத்தம் கேட்டுச்சு. மாடு ஏதோ மாட்டிக்கிச்சுன்னு நெனச்சேன். ரெண்டு வாட்டி கேட்டுச்சு. அந்தக் கொல்லையிலதான் ஆளே இல்லியேன்னு...” கோடாரியைக் கீழே போட்டான். உடனே திரும்ப எடுத்தான். “டேய், வாங்கடா!”

எல்லாருமாகக் கொல்லைக்குள் இறங்கினார்கள். ‘எங்கே?’ என்று கேட்டார்கள். கொளஞ்சியப்பனுக்குத் தெரியவில்லை. கண்ணைக் கட்டிவிட்டாலும் நடப்பேன் என்று சொல்லிக்கொண்ட கொல்லை. மரங்களை வைத்துத்தான் அவனுக்கு வழி தெரியும். கோணல் மரம், பொந்து மரம், ரெட்டை மரம் என்று. இப்போது எல்லாமே ஒன்றுபோலப் படுத்திருந்தன. பாதி தெற்கே பார்த்து, பாதி வடக்கே பார்த்து. ஒருமுறை அடித்த காற்று திரும்பி வந்து எதிர்ப்பக்கமும் அடித்திருக்கிறது.

“கொட்டாய்க்குப் பக்கத்துல பெரிய பலா இருக்கும்” என்றான்.

“எதுரா பலா? அத்தனையும் தழையாக் கெடக்குது. கெழக்கயா, மேற்கயா, அதச் சொல்லு!”

ஒரு பக்கம் கையைக் காட்டினான். அரைமணி நேரம் வெட்டிக்கொண்டு போனார்கள். அது வேலி. கலியமூர்த்தி கொல்லையின் வேலி. திரும்பினார்கள். முந்திரிப் பால் பட்டுக் கையெல்லாம் எரிந்தது. யாரும் அவனைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

தில்லையம்மாள் யாரையும் கேட்காமல் சாய்ந்த மரமொன்றின்மேல் ஏறி நின்றாள். இரண்டு கையையும் வாயில் குவித்தாள்.

“அய்யனாரூ! யே அய்யனாரூ!”

எல்லாரும் அசையாமல் நின்றார்கள். இன்னொரு முறை கூப்பிட்டாள்.

இடது பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. நீளமாக, அடித்தொண்டையில், வார்த்தை இல்லாமல்.

“இந்தச் சத்தந்தான்” என்றான் கலியமூர்த்தி.

கொட்டகை இருந்த இடத்தில் உடைந்த கூரைத் தகடுகள் கிடந்தன. அவற்றின்மேல் பலா. கொட்டகையை ஒட்டி இடுப்பளவு உயரத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி. போரிலிருந்து தண்ணீர் விழுகிற தொட்டி. பலாவின் பெரிய கிளை தொட்டியின் விளிம்பில் விழுந்து கிடந்தது. விளிம்புக்கும் கிளைக்கும் நடுவில் அய்யனாரின் இடது கால். மிச்ச உடம்பு தொட்டிக்குள் இருந்தது.

கூரை பறந்ததும் தொட்டிக்குள் குதித்திருக்கிறான். ஒரு கால் உள்ளே வருவதற்குள் மரம் வந்துவிட்டது. மழைத் தண்ணீர் கழுத்து வரை ஏறியபோது, தொட்டியின் அடியில் அடைத்திருந்த துணியைப் பிடுங்கிவிட்டிருக்கிறான். அதனால் மூழ்கவில்லை. வெள்ளி காலையிலிருந்து சனி மத்தியானம் வரை அப்படியே கிடந்திருக்கிறான். ரோட்டில் ஆள் பேசுவது அவனுக்குக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

தில்லையம்மாள் தொட்டிக்குள் இறங்கித் தம்பியின் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். உதடு வெடித்திருந்தது. ஸ்ரீமதி பாட்டில் தண்ணீரை வாயில் சொட்டு சொட்டாக விட்டாள். அவன் கண்கள் யாரையோ தேடின. கொளஞ்சியப்பன் தொட்டி ஓரத்தில் வந்து நின்றதும் தேடுவதை நிறுத்தின.

“மாமா” என்றான். குரல் இல்லை, காற்றுதான் வந்தது. “வெளிய வரல மாமா. நீங்க போன்ல சொன்ன மாதிரியே இருந்தேன். முந்தா நாளு, புயலு வருது வூட்டுக்குப் போவட்டுமான்னு கேட்டப்ப சொன்னீங்களே. அப்புடியே இருந்தேன்.”

அவன் குறை சொல்லவில்லை. வேலையை முடித்தவன் மேஸ்திரியிடம் சொல்கிற மாதிரி சொன்னான்.

தில்லையம்மாள் தலையைத் தூக்கினாள். புருஷனைப் பார்த்தாள். ஸ்ரீமதியும் பார்த்தாள். தண்ணீர் பாட்டில் அவள் கையில் சாய்ந்து சும்மா ஊற்றிக்கொண்டிருந்தது. மரத்தை வெட்டுகிற சத்தம் ஆரம்பமானது கொளஞ்சியப்பனுக்கு உதவியாக இருந்தது.

கிளையை அறுத்து எடுக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. அய்யனார் கத்தவில்லை. கிளை தூக்கப்பட்டபோது மட்டும் அக்காவின் கையைக் கடித்தான். முழங்காலுக்குக் கீழே கறுத்து வீங்கிக் கிடந்தது. அதைப் பார்த்த ஒருவன் அந்தப் பக்கம் போய் வாந்தி எடுத்தான். கலியமூர்த்தி ஓடிப்போய்த் தன் வீட்டிலிருந்து கயிற்றுக்கட்டிலைக் கொண்டுவந்தான். பண்ருட்டி ஆஸ்பத்திரி வரைக்கும் வண்டி எதுவும் போகாது. கட்டிலைத் தோளில் வைத்து மரங்கள்மேல் ஏறி இறங்கித்தான் போக வேண்டும்.

“நாலு பேரு வாங்க” என்றான் கலியமூர்த்தி.

மூன்று மூலையை மூன்று பேர் பிடித்தார்கள். நாலாவது மூலைக்குக் கொளஞ்சியப்பன் போய்க் குனிந்து கட்டில் காலைப் பிடித்தான். அவன் கைமேல் தில்லையம்மாளின் கை வந்து விழுந்தது. அதில் தம்பியின் பல் தடம் இருந்தது. ரத்தம் இன்னும் காயவில்லை.

“கைய எடு.”

எடுத்தான். அந்த மூலையை அவளே தோளில் தூக்கிக்கொண்டாள். கட்டில் நகர்ந்தது. வெறுங்காலோடு ஒரு மரத்தின்மேல் ஏறினாள், இறங்கினாள், அடுத்த மரத்தின்மேல் ஏறினாள். ஸ்ரீமதி மாமனின் காலுக்கடியில் துணியை அணைத்துப் பிடித்தபடி கூடவே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

கொளஞ்சியப்பன் பின்னால் போகக் காலெடுத்து வைத்தான். கலியமூர்த்தி அவன் முன்னால் வந்து நின்றான். கோபமாக இல்லை. பயந்தவன் மாதிரி இருந்தான்.

“கொளஞ்சி, இன்னும் யாராச்சும் உள்ள இருக்காங்களா?”

“என்னா?”

“இல்ல, கேக்கறேன். வேற யாரையாச்சும் எங்கியாச்சும் குந்த வச்சிருக்கியா? இருந்தா இப்பவே சொல்லிடு. பொழுது இருக்குது.”

“இல்ல கலியமூர்த்தி. யாரும் இல்ல.”

கலியமூர்த்தி தலையை ஆட்டினான். அப்புறம் மிச்சமிருந்த இரண்டு பேரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான். அவர்கள் அரிவாளை எடுத்துக்கொண்டு கொல்லையின் இரண்டு பக்கமும் பிரிந்து உள்ளே போனார்கள். “யாராச்சும் இருக்கீங்களா?” என்று கூப்பிட்டார்கள். நின்று காது கொடுத்துக் கேட்டார்கள். பத்தடி நகர்ந்து மறுபடியும் கூப்பிட்டார்கள்.